துணியில் தைத்த ஊர்: ஹ்மோங் மக்களின் மலர்த்துணி குறித்து ஒரு பாடம்

ஒரு துணியின் மதிப்பை நாம் எவ்வாறு கணிக்கிறோம்? நூலின் நம்பர், பாவின் இழை எண்ணிக்கை, நீள அகலம், சாயத்தின் உறுதி, நெய்தவர் பெற்ற கூலி ஆகிய இவற்றைக் கூட்டிப் பார்த்து, இருப்புப் புத்தகத்தில் ஒரு தொகையை எழுதுகிறோம். சங்கத்தின் கணக்கு ஒழுங்காக நடைபெற இம்முறை இன்றியமையாதது. ஆயினும், அப்புத்தகத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்காத பொருளொன்றும் துணியில் உண்டு. அதைச் செய்தவர் யார், எந்த ஊரினர், எதனை நெஞ்சிற்கொண்டு செய்தனர் என்பதே அப்பொருள். ஊரையே இழந்துவிட்ட மக்களிடத்தில் அது எத்துணை கனமுடையதாகிறது என்பதையும், விற்பனையின் வழியில் எவ்விடத்தில் அது கழன்று போகிறது என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம். இதற்கு எடுத்துக்காட்டாக நாம் கொள்வது, லாவோஸ் நாட்டு மலைகளிலிருந்து உலகின் பல பகுதிகளுக்கும் சிதறிய ஹ்மோங் மக்களையும் அவர்தம் தையற்கலையையுமாகும்.

மக்களும் அவர்தம் இடமும்

ஹ்மோங் மக்களின் பழைய இருப்பிடம் தென்சீனத்தின் மலைப்பகுதி. சீன அரசாங்கத்தார் மியாவ் என்னும் பொதுப்பெயரில் அடக்கியுள்ள பல பிரிவினருள் இவர்களும் ஒருவர். பேரரசின் வரிச்சுமையும் போர்களும் நெருக்கவே, 19-ஆம் நூற்றாண்டில் இவர்களுள் பலர் தெற்கே இறங்கி, வியத்நாம், லாவோஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளின் உயர்ந்த மலைச்சரிவுகளில் குடியேறினர். காட்டை வெட்டி எரித்து நெல்லும் சோளமும் பயிரிட்டனர்; மண் வளமிழந்தபோது ஊரோடு பெயர்ந்து வேறு சரிவை நாடினர். தமக்கென ஓர் அரசு இவர்களுக்கு இருந்ததில்லை.

எழுத்தும் நெடுங்காலம் பரவலாக இருக்கவில்லை. இன்று பெரிதும் வழங்கும் உரோமன் எழுத்துமுறை 1950-களில் லாவோஸில் வகுக்கப்பட்டது. இது குறித்து அம்மக்களிடையே ஒரு கதை வழங்கி வருகிறது. முன்னொரு காலத்தில் தமக்கு எழுத்து இருந்ததென்றும், ஆண்டவர்கள் அதனைத் தடுத்தபோது பெண்கள் அவ்வெழுத்துக்களைத் தம் ஆடைகளின் பூவேலையில் மறைத்துத் தைத்துவிட்டனர் என்றும், நாளடைவில் அவற்றைப் படிக்கும் வழி மறந்துபோயிற்று என்றும் அக்கதை கூறும். இது வரலாறாயினும் ஆகுக, கற்பனையாயினும் ஆகுக. தம் நினைவைச் சேமித்து வைத்த இடம் துணியே என்று அம்மக்கள் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

செடியிலிருந்து துணி வரை

பயிரிடுவோரும் நெய்வோரும் ஒருங்கே படிக்கும் இவ்விதழில் அவர்கள் கையாண்ட முறையைச் சிறிது விரித்துரைப்பது பொருந்தும். அவர்களுடைய பழைய துணி ஹெம்ப் எனப்படும் நார்ச்செடியினின்று பெறப்பட்டது. அச்செடி கஞ்சா இனத்தைச் சேர்ந்தது; நாருக்கெனவே பயிராக்கப்படுவது. நம் நாட்டுச் சணலும் சணப்பையும் வேறு, அது வேறு. வீட்டை அடுத்த நிலத்தில் விதையை நெருக்கமாகத் தூவுவர். நெருக்கத்தால் செடி கிளைவிடாது நெடிதாக வளரும். நாரும் நீண்டு கிடைக்கும்.

அறுத்த தண்டைக் காயவைத்து, பட்டையைக் கையால் மெல்லிய கீற்றுகளாக உரித்து, உரலிலிட்டு இடித்து மென்மையாக்குவர். பின்னர் ஒரு கீற்றின் நுனியோடு மற்றொன்றின் நுனியை முடிச்சின்றி முறுக்கி இணைப்பர். வயலுக்கு நடக்கும்போதும், அண்டை வீட்டாரோடு பேசியிருக்கும்போதும் பெண்களின் விரல்கள் இவ்வேலையைச் செய்துகொண்டே இருக்கும். காலால் மிதித்துச் சுழற்றும் பல கதிர்கள் கொண்ட இராட்டையில் முறுக்கேற்றி, சாம்பல் நீரில் பன்முறை வேகவைத்து வெளுத்தபின் நூல் தறிக்குச் செல்லும். தறியோ, நெய்பவள் தன் இடுப்பிற் பட்டை கட்டிப் பின்னோக்கிச் சாய்ந்து பாவை விறைப்பாக்கும் வகையினது. நெய்த துணியை உருளைக் கட்டையில் சுற்றி, அதன்மேல் தட்டையான கல்லை வைத்து, கல்லின்மீது இரு கால்களையும் ஊன்றி இப்படியும் அப்படியும் ஆட்டி வழவழப்பாக்குவர்.

அதன்பின் சாயம். உருகிய தேன்மெழுகைச் சிறிய உலோகப் பேனாவால் துணிமேல் கோடுகளாக இழுத்து, நீலச்செடியின் இலையை ஊறவைத்து அமைத்த சாயத்தொட்டியில் பலமுறை தோய்ப்பர். கொதிநீரில் மெழுகு கரைந்ததும் நீலத்தின் நடுவே வெள்ளைக் கோலம் தோன்றும். இத்தகைய துணி பல மீட்டர் எடுத்து, நுண்ணிய மடிப்புகளிட்டு ஒரு பாவாடை அமைப்பர். விதைத்த நாள் முதல் உடுத்தும் நாள் வரை ஓராண்டை ஒட்டிய உழைப்பு அது. பயிரும், நூற்பும், நெசவும், சாயமும், தையலும் ஒரே வீட்டிற்குள் அடங்கியிருந்தன என்பதை நம் வாசகர்கள் குறித்துக்கொள்க.

மலர்த்துணி

இவ்வாறு அமைந்த துணியின்மேல் செய்யப்படும் பூவேலைக்குப் பாண்டௌ என்று பெயர். மலர்த்துணி என்பது பொருள். குறுக்குத்தையல் ஒரு வகை. துண்டுத்துணியை மேலே வைத்துத் தைப்பது மற்றொரு வகை. மேல்துணியைக் கீறி, வெட்டிய விளிம்பை ஊசி முனையால் உட்புறமாக மடித்து, கண்ணுக்குத் தெரியாத தையலால் பொருத்தி, அடித்துணியின் நிறம் கோடாக வெளிப்படச் செய்வது மூன்றாவது. இதுவே மிக நுட்பமானது. நத்தையின் சுருள், யானையின் பாதம், சிலந்தி வலை, வெள்ளரி விதை, ஆட்டுக்கொம்பு என்று வடிவங்கள் பெயர் பெற்றுள்ளன. நடுவிலிருந்து விரியும் நத்தைச்சுருள் தலைமுறை தலைமுறையாகப் பெருகும் குடும்பத்தைக் குறிக்குமென்பர். இன்ன ஆடை உடுத்தவர் இன்ன பிரிவினர் என்று கண்டவுடன் அறியலாம். வெள்ளை ஹ்மோங், பச்சை ஹ்மோங் என்னும் பிரிவுப் பெயர்களையே மகளிர் ஆடையோடு தொடர்புபடுத்திக் கூறுவதுண்டு.

பிறப்பிலும் இறப்பிலும் துணிக்கு இம்மக்கள் தந்துள்ள இடம் வியக்கத்தக்கது. குழந்தையை முதுகிற் சுமக்கும் துணியில் அடர்ந்த பூவேலை செய்வது அழகிற்காக மட்டுமன்று; குழந்தையின் உயிரைத் தீங்கினின்று காப்பதற்குமாகும். நஞ்சுக்கொடியை அவர்கள் மொழியில் சட்டை என்னும் சொல்லாலேயே வழங்குவர். மனிதன் உடுத்த முதற்சட்டை அது என்பது கருத்து. ஆண்குழந்தையினுடையதை வீட்டின் நடுத்தூணருகிலும், பெண்குழந்தையினுடையதைப் பெற்றோர் கட்டிலின் கீழும் புதைப்பது மரபு. இறந்தவருக்கு ஹெம்ப் நாரால் ஆன ஆடையையே அணிவிப்பர்; முன்னோர் தம்மவரை அடையாளங்காண அது வேண்டுமென்பது நம்பிக்கை. சாவுச்சடங்கில் வழிகாட்டும் பாட்டு ஒன்று பாடப்படும். இறந்தவர் வாழ்ந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சொல்லி, பிறந்த வீட்டை அடைந்து, அங்கே புதைந்துள்ள முதற்சட்டையை எடுத்து உடுத்துக்கொண்டு முன்னோரிடம் செல்லுமாறு அப்பாட்டு உயிருக்கு வழி சொல்லும்.

அடிக்கடி ஊர் பெயரும் மக்களுக்கு வீடு என்பது என்ன என்னும் வினாவிற்கு இதுவே அவர்கள் கண்ட விடையாகும். வந்த வழியைத் தவறாமல் திரும்பச் சொல்ல முடியுமாயின், வீடு இழக்கப்படவில்லை.

1975-ஆம் ஆண்டும் அதன்பின்னும்

இவ்விடையைக் கடுஞ்சோதனைக்கு உட்படுத்தியது லாவோஸில் நடந்த போர். 1960-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்க உளவுத்துறை, தளபதி வாங் பாவ் தலைமையில் ஹ்மோங் ஆடவர்களைத் திரட்டிக் கம்யூனிஸ்டுப் படைகளுக்கு எதிராகப் போரிடச் செய்தது. மறுதரப்பில் நின்ற ஹ்மோங் மக்களும் இருந்தனர். மலையூர்கள் குண்டுவீச்சுக்கு இரையாயின. 1975-இல் அமெரிக்கர் வெளியேற, ஆட்சி கைமாறியது. அமெரிக்கர் பக்கம் நின்றோர் உயிருக்கு அஞ்சிக் காடுகளின் வழியே நடந்து, மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்தை அடைந்தனர். மூங்கிற் கழிகளையும் காற்றடைத்த இரப்பர்க் குழாய்களையும் பற்றிக்கொண்டு நீந்தியவர் பலர். அக்கரை சேராதவரும் பலர்.

தாய்லாந்தின் லோய் மாநிலத்தில் பான் வினாய் என்னும் முகாம் 1975-இல் ஏற்பட்டு 1992-இல் மூடப்பட்டது. 1980-களின் நடுவில் அதில் 40,000-க்கும் மேற்பட்டோர் நெருங்கி வாழ்ந்தனர். உழவே தொழிலாகக் கொண்ட மக்களுக்கு உழ நிலமில்லை. ஹெம்ப் விதைக்க இடமில்லை. முகாமை விட்டு வேண்டியவாறு வெளியேறவும் அனுமதியில்லை. கையில் எஞ்சியது ஊசி ஒன்றே.

கதைத்துணி தோன்றிய விதம்

அம்முகாம்களில்தான், 1970-களின் பிற்பகுதியில், முன்பு இல்லாத புதுவகைத் துணி பிறந்தது. அதனைக் கதைத்துணி என்பர். பழைய மலர்த்துணியில் கோணங்களும் சுருள்களும் இருந்தன. மனித உருவங்கள் இல்லை. கதைத்துணியிலோ ஊரே காணப்படும். ஆடவர் துணிமேல் உருவங்களை வரைந்து தர, பெண்கள் பலநிற நூலால் அவற்றை நிரப்பினர். துணி கடையில் வாங்கிய ஆலைத்துணி, நூலும் வாங்கியதே. ஓரத்தில் மட்டும் பழைய முக்கோண வரிசை வேலியாக நின்றது.

ஒரு பெரிய கதைத்துணியை விரித்துப் பார்ப்போமாயின், ஒரு மூலையில் கூரைவீடுகள், கோழி, பன்றி, உரல், சோளக்கொல்லை. பெண்கள் முதுகில் கூடை சுமந்து செல்கின்றனர். அடுத்து விமானங்கள், துப்பாக்கி ஏந்தியவர்கள், வீடுகள் எரிகின்றன. வரிசையாக ஒரு குடும்பம் காட்டினூடே நடக்கிறது. நடுவே நீலப்பட்டையாக மீகாங் ஆறு. அதில் தலைகள் மட்டும் தெரிய மனிதர்கள். அக்கரையில் சீருடையணிந்த காவலர், முகாமின் நீண்ட கொட்டகைகள், இறுதியில் வெளிநாடு செல்லும் பேருந்தும் விமானமும். இக்காட்சிகள் ஒரு பாதையைப்போல் வளைந்து செல்லும். அப்பாதையை முடிவிலிருந்து தொடக்கத்திற்குப் படித்தால், சாவுச்சடங்கில் பாடும் வழிகாட்டுப் பாட்டின் வழியே கிடைக்கிறது என்பது நம் கருத்து. வாங்குவோருக்காகச் செய்யப்பட்ட பொருளாயினும், வந்த வழியை மறவாது சொல்லும் பழைய கடமையும் அதில் நிறைவேறியது.

நாளடைவில் இத்துணி பிள்ளைகளுக்குப் பாடநூலுமாயிற்று. லாவோஸில் பிறந்து அமெரிக்காவில் மானிடவியல் கற்ற டியா சா என்னும் அம்மையாருக்காக அவருடைய அத்தையும் மாமனும் தாய்லாந்து முகாமில் தைத்த கதைத்துணியை அடிப்படையாகக் கொண்டு, 1996-இல் சிறுவர்க்கான நூலொன்று வெளிவந்தது. ஊரைக் கண்ணால் காணாத பிள்ளை துணியில் விரல் வைத்துக் கேட்கும். கண்டவர் விடை சொல்வர். அங்கே பேச்சு தொடங்குகிறது.

விற்பனையும் பெயரும்

இனி, கூட்டுறவாளர் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். தொண்டு நிறுவனங்கள் சிலவும், அமெரிக்காவில் முன்னரே குடியேறிய உறவினரும் முகாமில் தைத்தவற்றை வாங்கி விற்றனர். அந்த வருவாய் பல குடும்பங்களைக் காத்தது; இதனை நன்றியோடு கூறல் வேண்டும். ஆயினும் விற்பனை தன் விலையையும் கேட்டது.

முதலாவது, நிறம். செஞ்சிவப்பும் ஒளிவிடும் பச்சையும் இளஞ்சிவப்பும் விரும்பிய கைகள், அமெரிக்க வீடுகளின் நாற்காலிக்கும் சுவருக்கும் ஒத்துப்போகும் மங்கிய நீலத்திற்கும் பழுப்பிற்கும் மாறின. மேசை விரிப்பு, தலையணை உறை என்று பண்டங்களும் மாறின. கதைத்துணிகளில் ஆங்கில வாசகங்கள் தைக்கப்பட்டன. தைத்தவருள் பலர் அவற்றைப் படிக்க அறியாதவர்.

இரண்டாவது, விலை. மாதக்கணக்கில் தைத்த துணிக்கு முகாமில் கிடைத்தது சிறுதொகை. அச்சிறுதொகைக்கு வந்த சரக்கு அமெரிக்கக் கடைகளில் குவியவே, அங்கே குடியேறித் தைத்து வந்த பெண்களின் வேலைக்கும் விலை இறங்கிற்று. ஒரே குலத்தின் இரு கைகள், நடுவில் ஒரு பொது அமைப்பு இன்மையால், ஒன்றையொன்று தாழ்த்தின.

மூன்றாவது, பெயர். பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் வட்டாரம் ஆமிஷ் என்னும் கிறித்தவப் பிரிவினரின் ஒட்டுத்துணிப் போர்வைகளுக்குப் பெயர்பெற்றது. 1980-களில் அங்குக் குடியேறிய ஹ்மோங் மகளிரின் நுண்தையலைக் கண்ட போர்வை வணிகர்கள், துண்டுத்துணிப் பூவேலையை அவர்களிடம் ஒப்படைக்கத் தொடங்கினர். போர்வைகள் ஆமிஷ் மக்களின் கைவேலை என்றே வாங்குவோரால் கருதப்பட்டன. வேலை கிடைத்தது, கூலியும் கிடைத்தது. பெயர் மட்டும் இடம் மாறிற்று. ஊர் இழந்தவர், தம் கைவேலையின் பெயரிலும் ஊரில்லாதவர் ஆயினர்.

நான்காவது, போலி. ஹ்மோங் புத்தாண்டு விழாவில் மெழுகுச்சாயப் பாவாடை உடுத்த விரும்புவோருக்கு, அதே கோலத்தை இயந்திரத்தால் அச்சிட்டு, செயற்கை இழைத்துணியில் வெப்பத்தால் மடிப்பிட்ட பாவாடைகள் சீன ஆலைகளிலிருந்து மலிவாக வருகின்றன. வாங்குவோரில் பலர் ஹ்மோங் மக்களே. அவர்களைக் குறைகூற இயலாது. தொழிற்சாலையில் நாள் முழுதும் உழைப்பவள் ஓராண்டு செலவிட்டுப் பாவாடை செய்ய முடியுமோ? ஆயினும், அச்சிட்ட நத்தைச்சுருளில் தையற்காரியின் முடிவு எதுவும் இல்லை. கோலம் இருக்கிறது, அதை இடும் அறிவு மெல்ல அகல்கிறது.

புதிய மண்

இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் 3,00,000-க்கும் மேற்பட்ட ஹ்மோங் மக்கள் உள்ளனர். கலிபோர்னியா, மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் அவர்கள் மிகுதி. அங்கே ஹெம்ப் பயிரிடுவது மத்திய சட்டத்தின் கடுங்கட்டுப்பாட்டில் 2018 வரை இருந்தமையால், சாவாடைக்குரிய துணியை ஆசியாவிலிருந்தே தருவிக்க நேர்ந்தது. ஒரு செடி கிடைக்காமையால் ஒரு சடங்கே இடர்ப்படுவதைப் பயிரிடும் அன்பர்கள் எண்ணிப் பார்க்க.

எனினும் மண்ணை நாடும் குணம் அவர்களை விட்டு நீங்கவில்லை. 1977 முதல் தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவில் குடியேறிய சில நூறு ஹ்மோங் மக்கள் காட்டைத் திருத்திக் ககாவ் முதலிய ஊர்களை அமைத்தனர். அந்நாட்டுச் சந்தைக் காய்கறியின் பெரும்பகுதி அவர்தம் தோட்டங்களில் விளைகிறது. ககாவ் ஊரின் ஞாயிற்றுச் சந்தையில் காய்கறியோடு பூவேலைத் துணியும் விற்பனையாகிறது. மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரையடுத்து, 2011-இல் தொடங்கிய ஹ்மோங் அமெரிக்க விவசாயிகள் சங்கம் 155 ஏக்கர் பண்ணையில் குடும்பங்களுக்கு நிலம் பகிர்ந்தளித்து, விளைபொருளை ஒருங்கே திரட்டி விற்பனைக்கு உதவுகிறது. தனித்தனியே வண்டியிலேற்றி விற்றபோது பேரம் பேச இயலாதவர், ஒன்று சேர்ந்தபோது விலை கேட்கும் தகுதி பெற்றனர். காய்கறியில் இயன்ற இது, துணியில் போதிய அளவு நடந்தேறாமையே அவ்வரலாற்றின் குறை.

நாம் கொள்ளத்தக்கது

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமாயின், ஹ்மோங் மக்கள் அதனை 1975-இலேயே முற்றும் இழந்தனர். அவர்கள் இழக்காதது, ஒரு தாய் தன் மகளுக்குக் கற்பித்த கைத்திறன். அத்திறன் உயிரோடிருக்கும் வரை, எந்த முகாமிலும் எந்த நகரத்திலும் ஊரை மீண்டும் தைத்துக் காட்ட இயன்றது. ஆனால் கைத்திறன் காற்றில் வாழாது. எந்த நிறம், எந்த வடிவம், எந்த விலை, எவர் பெயர் என்னும் நான்கு முடிவுகளும் செய்பவர் கையில் எவ்வளவு இருக்கின்றனவோ, அவ்வளவே துணியில் ஊரும் இருக்கும். நான்கும் பிறர் கைக்குப் போய்விடின், எஞ்சுவது கூலிவேலை. வாங்குவோர் விருப்பத்திற்கு இணங்க மாறுவது தவறன்று. கதைத்துணியே அவ்வாறு பிறந்ததுதான். மாறுவதா, எவ்வளவு மாறுவது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் செய்பவர் அமர்ந்திருக்க வேண்டும். அவ்விடத்தைத் தனியொருவர் பெறுதல் அரிது. பலர் கூடிய சங்கத்தால் பெறலாம். கூட்டுறவின் பயன் கடன் தருவதோடும் நூல் வழங்குவதோடும் முடிந்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சங்கக் கூட்டங்களிலும் படிப்பு வட்டங்களிலும் ஆராய்வதற்காகச் சில வினாக்களைக் கீழே தருகிறோம்.

1. நம் சங்கத்தில் நெய்யப்படும் வடிவங்களுள் எவை முன்னோர் வழி வந்தவை? அவற்றின் பெயர்களையும் அமைப்பு முறையையும் அறிந்த முதியோர் எத்தனை பேர் உள்ளனர்? அவற்றை எழுதி வைத்துள்ளோமா?

2. புதிய வடிவமும் நிறமும் வேண்டுமென்று வாங்குவோர் கேட்கும்போது, அதனை முடிவு செய்வது யார்? நெய்பவரின் கருத்து கேட்கப்படுகிறதா?

3. நெய்தவர் பெயரும் ஊரும் துணியோடு வாங்குவோர் கைவரை செல்கின்றனவா? இல்லையெனில், எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகின்றன?

4. ஒரே வகைத் துணி நெய்யும் இரு சங்கங்கள் விலையிற் போட்டியிட்டு ஒன்றையொன்று தாழ்த்துவதைத் தவிர்க்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

இவற்றிற்கு விடை காணும் சங்கம், தன் இருப்புப் புத்தகத்தில் இதுகாறும் எழுதப்படாத ஒரு கட்டத்தையும் நிரப்பியதாகும்.